தோல் வழியே போன மருந்து

போன செவ்வாய்க்கிழமை மச்சானின் ஏலத்தோட்டத்தைப் பார்க்க மலைக்குப் போயிருந்தேன். மதியம் போடிக்குத் திரும்பும்போது, ஜீப்பில் என் பக்கத்தில் ஓர் உயிர் ஊசலாடிக்கொண்டு வந்தது.

காசி. அந்தத் தோட்டத்தில் பல வருஷமாக மருந்து அடிப்பவர். பூச்சியைக் கொல்லும் விஷத்துக்கு எங்கள் பக்கம் ‘மருந்து’ என்றுதான் பெயர். என்ன செய்ய?

அன்று அவர் முதுகில் மாட்டியிருந்த டேங்க் ஒழுகியிருக்கிறது. சட்டை தொப்பலாக நனைந்தும் மனிதர் கவலைப்படவில்லை. வாயையும் மூக்கையும்தான் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தாரே... சாப்பாட்டுக்குக் கை கழுவப் போனவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வாயில் எச்சில் வழிந்தது. உடம்பெல்லாம் உதறல்.

அங்கேயே காய் எடுக்கும் அவர் மனைவி பாண்டியம்மாள் ஓடி வந்தார். ஜீப்பில் ஏற்றியதும் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தினார். நானும் என் பங்குக்கு ஜீப்பின் படுதாவை இறக்கிவிட்டேன் — குளிர்காற்று படக் கூடாதாம்!

“டிரைவரண்ணே, வெரசா ஓட்டுங்க! இவருக்குக் குளுரு தாங்கல.”

வளைவுக்கு வளைவு கணவரை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதல் வேலையாகக் கம்பளியை உருவி எறிந்தார். சட்டையைக் கத்தரித்தார். “சோப்புப் போட்டு உடம்பு பூராக் கழுவுங்க” என்று நர்ஸிடம் கத்திக்கொண்டே ஊசியை ஏற்றினார்.

பாண்டியம்மாளுக்கு விளங்கவில்லை. “வாயக் கட்டிக்கிட்டுத்தான் சார் அடிச்சாரு. ஒரு சொட்டு உள்ள போயிருக்காதே?”

“வாய் வழியாப் போகலம்மா, தோல் வழியாப் போயிருக்கு. ஈரச் சட்டையோட போத்திக் கொண்டாந்தீங்க... வர்ற வழியெல்லாம் போய்க்கிட்டே இருந்திருக்கு.”

பள்ளிக்கூடத்தில் படித்த பாடம்தான். நம் உடம்பில் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் கொழுப்பாலான மெல்லிய சவ்வு இருக்கிறது. சர்க்கரையும் உப்பும் வந்தால் அவற்றுக்கென்று உள்ள கதவு வழியாகத்தான் விடும். கொழுப்பில் கரையும் பொருளுக்கோ தடையே இல்லை. யாரும் தள்ள வேண்டாம், இழுக்க வேண்டாம். அதிகம் இருக்கும் பக்கத்திலிருந்து குறைவாக இருக்கும் பக்கத்துக்குத் தானாகவே நகர்ந்துவிடும். செல் இதற்காகத் துளி சக்திகூடச் செலவழிப்பதில்லை.

நாம் இழுக்கும் ஆக்ஸிஜன் ரத்தத்தில் சேர்வதும் இப்படித்தான். உயிர் வரும் வழியிலேயே விஷமும் வருகிறது... யாரை நோவது?

அந்த மருந்தும் கொழுப்பில் கரையும் ரகம். சட்டையில் நிறைய, ரத்தத்தில் கொஞ்சம். சட்டை உடம்பில் ஒட்டியிருக்கும்வரை அது உள்ளே போவது நிற்குமா? போதாததற்குக் கம்பளியின் சூடு வேறு!

கையுறையும் ரெயின்கோட்டும் வாங்கித் தராத மச்சானிடம் போனில் சண்டை போட்டேன். “இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே மாப்ளே” என்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைத் துண்டித்துவிட்டேன்.

காசிக்கு மூச்சுவிட மெஷின் வைத்தார்கள். பாண்டியம்மாள் வெளியே தரையில் உட்கார்ந்து சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

“நாந்தானே போத்துனேன்... எங் கையாலயே போத்துனேனே...”

படுதாவை இறக்கியவன் நான்தானே? நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை மெஷினை எடுத்தார்கள். சனிக்கிழமை காலை நான் போனபோது டாக்டர் நாடி பார்த்துக்கொண்டிருந்தார். காசி கண்ணைத் திறந்தார். உதடு மெல்ல அசைந்தது.

“குளுருது புள்ள...”

கட்டிலின் கால்மாட்டில் ஆஸ்பத்திரிப் போர்வை ஒன்று மடித்துக் கிடந்தது. பாண்டியம்மாள் அதை எடுத்துப் பிரித்தார். கை பாதியில் நின்றுவிட்டது. டாக்டரைத் திரும்பிப் பார்த்தார்.

“போத்தலாமா சார்?”