குறுக்குக் கம்பி இல்லாத கிடார்

இறந்துபோன என் வீட்டுக்காரரின் பேஸ் கிடாரைத் தூக்கிக்கொண்டு இன்று சேலத்தில் ஓர் இசைக்கருவிக் கடைக்குப் போனேன். ஒரே ஒரு தடவை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன்.

கடைக்காரர் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்க, கழுத்துல இருக்கற குறுக்குக் கம்பியெல்லாம் எங்க போச்சுங்க?"

"அவருதானுங்க குறடு வெச்சுப் புடுங்குனாரு. குறுக்குக் கம்பி இருந்தா சத்தம் வழுக்கிப் போவாதுன்னு சொல்லுவாரு."

"அது இல்லாட்டி வெரல எங்க வெக்கறதுன்னு தெரியாதுங்க. புதுசா அடிச்சுத் தரட்டுங்களா?"

வேண்டாம் என்று கும்பிட்டேன். பாவம், அப்படியே வாசித்துப் பார்த்தார். சுதி தப்பித் தப்பி வந்தது.

அழுதுவிட்டேன். என் வீட்டுக்காரர் பழக ஆரம்பித்தபோது எங்கள் வீட்டில் கேட்டதும் இதே சத்தம்தான்.

இப்போது வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. தாங்க முடியவில்லை. நாமகிரிப்பேட்டைப் பக்கம் யாராவது இருந்தால் வந்து வாசியுங்கள். சரியாக வாசிக்கத் தெரியாதவர்களுக்குச் சோறும் உண்டு.