இடதுபக்கப் பின்சக்கரம்

ஒத்தக்கடையில் மேலூர் ரோட்டின் மேலேயே என் டயர் கடை இருக்கிறது. வாடகை இல்லை, சொந்த இடம். கருவேல முள் மண்டிக் கிடந்த பள்ளத்தை லோடு லோடாக மண்ணடித்து மேடாக்கினவன் நான். முதலில் ஒரு தகரக் கூரையும் ஒரு காற்றடிக்கிற மிஷினும். அப்புறம் காரையே தலைக்கு மேலே தூக்கி நிறுத்துகிற லிஃப்ட். அப்புறம் மாடியில் வீடு. அங்கே ஒரு ஆள் கடை போட முடியாது என்று சொன்னவர்கள் எல்லாம் இன்றைக்கு என் கடையில்தான் காற்றுப் பிடிக்கிறார்கள். ஆறாம் வகுப்புத் தாண்டாதவன், ரெண்டு பிள்ளைகளையும் இன்ஜினியர் ஆக்கினேன். எவன் கையும் இதில் பட்டதில்லை.

இதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. போர்டில் பேர் இருக்கிறது. நான் பார்த்த முதல் வேலைக்கு மட்டும்தான் போர்டு இல்லை. அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அப்பா செத்த மறுவருஷம் அம்மாவும் நானும் கே.கே. நகரில் மாமா வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். மாமா என்றால் அம்மாவுக்கு அண்ணன். கீழமாசி வீதியில் மண்டி வைத்திருந்தார். பிள்ளை இல்லை. அப்போது கே.கே. நகரில் நாலு வீடு இருந்தால் நாற்பது காலி மனை இருக்கும். விளையாடக் கூப்பிட ஆள் கிடையாது. பள்ளிக்கூடத்தில் என்னை இன்னார் என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் அம்மா அடுப்படியை விட்டு வெளியே வர மாட்டாள். வந்து சேர்ந்த வீட்டில் சும்மா உட்கார அவளுக்குக் கூச்சம். ஆகவே நான் மெயின் ரோட்டுப் பஞ்சர் கடைக்கு எதிரே போய் நிற்பேன். நிற்பதை அந்தக் கடைக்காரர் கவனித்தாரா என்றுகூடத் தெரியாது. ஒருத்தரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அம்புட்டும் கண்ணால் திருடினது.

மாமாவிடம் ஒரு பழைய அம்பாசடர் இருந்தது. அதை நான் துடைக்கலாம், உள்ளே உட்காரக் கூடாது. அதில் ஒரு தடவையாவது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டும் என்பதுதான் அந்த வயசில் எனக்கு இருந்த ஒரே ஆசை.

ஒரு வைகாசி மாதத்துக் காலையில் எழுந்து வந்தால், அம்மா மாம்பழக் கலர் பட்டுச் சேலையில் நிற்கிறாள். அப்பா போனதிலிருந்து அந்தச் சேலை பெட்டியை விட்டு வெளியே வந்ததில்லை. கண் ரெண்டும் வீங்கிக் கிடந்தது. திருப்பரங்குன்றத்துக்குச் சாமி கும்பிடப் போகிறார்களாம்.

"நானும் வாரேம்மா."

அம்மா அத்தையைப் பார்த்தாள். அத்தை, "கார்ல எடம் பத்தாதுடா, இன்னொரு நா போவம்" என்றாள்.

போவது மூன்று பேர். அம்புட்டுப் பெரிய கார் மூன்று பேருக்கு எப்படிப் பத்தாமல் போகும் என்று நானும் யோசித்து யோசித்துப் பார்த்தேன்.

மாமாவுக்குச் சகுனம் என்றால் உயிர். மண்டிக்குப் போகையில் பூனை குறுக்கே ஓடினால் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி போவார். அன்றைக்கும் நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, வண்டியை எடுத்தார். பழம் நசுங்கியது. கேட்டைத் தாண்டவில்லை, இடதுபக்கப் பின்சக்கரம் புஸ்ஸென்று தரையோடு உட்கார்ந்துவிட்டது.

முதலில் இறங்கியது அம்மாதான். "அண்ணே, கெளம்பயிலேயே இப்படி ஆகுது. இன்னைக்கு வேணாம்ண்ணே."

மாமா ஜாக்கியை எடுத்தார். புழுதி மண்ணில் அப்படியே வைத்துத் திருகினார். வண்டி மேலே ஏறுவதற்குப் பதிலாக ஜாக்கி மண்ணுக்குள் இறங்கியது. வண்டி ஒரு பக்கமாக முனகிச் சாய்ந்தது. பதறிப்போய்க் கழற்றிவிட்டார். டாக்சி பிடிப்பதென்றால் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் போக வேண்டும், அதற்குள் நேரம் தப்பிவிடும் என்று அத்தை முணுமுணுத்தாள்.

"நான் சொன்னாக் கேளுண்ணே. சாமிக்கே இஷ்டமில்லை போல" என்று அம்மா மறுபடி சொன்னாள். அவள் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் மனசு விட்டுப்போனது தெரிந்தது. "சரித்தா. நீ சொல்றதும் சரிதான். சொல்லி அனுப்பிருவோம்" என்று கேட்டைச் சாத்தப் போனார்.

அந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன்.

"மாமா, நான் மாட்டிருவேன்."

"இவன் ஒருத்தன். வண்டியக் குப்புறக் கவுத்துப்புட்டு நிப்பான்" என்றாள் அத்தை.

"மண்ணுல வச்சா எறங்கத்தான் செய்யும் அத்தே. அடியில பலகை போடணும்."

டிக்கியைத் திறந்தேன். உபரிச் சக்கரத்துக்கு மேலே மஞ்சள் துணி சுற்றி ஒரு தேக்குப் பலகை இருந்தது. பக்கத்தில் வாழையிலைக் கட்டில் மாலை. மாலை சாமிக்கு. கோயிலுக்குப் பலகை எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. நல்லவேளை, எனக்காகவே கிடக்கிறது என்று உருவினேன். "டேய், அது உக்கார்ற பலகைடா" என்று அத்தை கத்தினாள். மாமா கையமர்த்தினார்.

எதிர்ப்பக்கத்து முன்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தேன். கீறல் விழாமல் இருக்க, ஸ்பானர் முனையில் பழைய துணியைச் சுற்றிச் சக்கரத்து மூடியை நெம்பினேன். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை இளக்கிவிட வேண்டும். தூக்கின பிறகு இளக்கினால் சக்கரம் சும்மா சுற்றும், வண்டி ஜாக்கியை விட்டுச் சரியும். என் கைக்கு நட்டு அசையவில்லை. ஸ்பானர் பிடியில் தண்ணீர்க் குழாய்த் துண்டைச் சொருகி அதன்மேல் ஏறி நின்றேன். கிரீச்சென்று இளகியது. அப்புறம் பலகையைப் போட்டு, ஜாக்கியை அச்சுக்கு அடியில் நேராக நிறுத்தித் திருகினேன். வண்டி பூப்போல ஏறியது. மாட்டும்போது நட்டுகளை வரிசையாக முறுக்காமல் எதிரும் புதிருமாக முறுக்கினேன். பெயிண்டில் ஒரு கோடு விழவில்லை. பலகையில் மட்டும் ஜாக்கியின் அடிப்பாகம் வட்டமாகப் பதிந்திருந்தது.

"கெட்டிக்காரன்யா எம் மாப்ள" என்றார் மாமா. அந்த வீட்டுக்கு வந்த பிறகு அன்றைக்குத்தான் என்னை மாப்ள என்று கூப்பிட்டார்.

அம்மா கிட்டே வந்தாள். என்னைத் தொடவில்லை, சக்கரத்தைத்தான் பார்த்தாள்.

"கழண்டுறாதுல்லப்பா?"

"எங்க போனாலும் கழலாதும்மா" என்றேன் பெருமையாக.

அவள் காரில் ஏறி உட்கார்ந்தாள். பக்கத்தில் எனக்கு அளவெடுத்த மாதிரி இடம் இருந்தது. அத்தை, "கையெல்லாம் கிரீஸ். போய்க் கழுவிட்டு வா" என்றாள். கிணற்றடிக்கு ஓடி, மண்ணெண்ணெய் போட்டு, சோப்புப் போட்டு, நகக்கண்ணெல்லாம் தேய்த்தேன். பட்டுச் சேலையில் கறை பட்டுவிடக் கூடாதே. திரும்பி வந்தபோது கேட் திறந்து கிடந்தது. நசுங்கின எலுமிச்சம்பழத்தில் எறும்பு மொய்க்க ஆரம்பித்திருந்தது.

பொழுது சாய மாமாவும் அத்தையும் மட்டும் வந்தார்கள். இலையில் சர்க்கரைப் பொங்கல் மடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். நான் முதலில் கேட்டது என்ன தெரியுமா?

"சக்கரம் ஆடுச்சா மாமா?"

"ஆடல மாப்ள."

அதற்கப்புறம்தான் அம்மாவைக் கேட்டேன். சோழவந்தான் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்றார்கள். பஞ்சரான டியூபை மறுநாளே தூக்கிக்கொண்டு போய் ஒட்டிக் கொண்டுவந்து வைத்தேன். அம்மாவைக் கூட்டி வரும்போது வழியில் ஏதாவது ஆகிவிட்டால்?

அம்மா தீபாவளிக்கு வந்தாள், கூட ஒருத்தரோடு. அவரைச் சித்தப்பா என்று கூப்பிடச் சொன்னார்கள். ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். நான் அந்த வீட்டில், அந்தக் காரைத் துடைத்துக்கொண்டு, கைக்கு ஸ்பானர் சரியாகப் பிடிபடுகிற வயசு வரை இருந்தேன். அப்புறம் பஞ்சர் கடைக்கு எதிரே நின்றவன் உள்ளே போய்விட்டேன்.

போன மாதம் சோழவந்தானில் அம்மாவுக்குப் பதினாறாம் நாள். தம்பி, அதாவது அம்மாவுக்கு அங்கே பிறந்தவன், வந்த ஜனத்திடம் சொன்னான்: "எங்க மாமா அன்னைக்கு ஒத்தக்கால்ல நின்னு அம்மாவக் கூட்டிட்டு வரலேன்னா, இந்தக் குடும்பமே இல்லை." எல்லாரும் தலையாட்டினார்கள். நான் பந்தியில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அம்மா படத்தை ஒரு தேக்குப் பலகையின் மேல் சார்த்தி வைத்திருந்தார்கள். மாலை விலகின இடத்தில் அந்த வட்டத் தடம் தெரிந்தது. அந்தப் பலகையில்தான் அன்றைக்கு அவள் மணப்பெண்ணாக உட்கார்ந்திருக்கிறாள், என் ஜாக்கித் தடத்தின் மேலே.

இன்னைக்கு வேணாம் என்று அவள் யாருக்காகக் கெஞ்சினாள் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். மாமா ஒத்தக்காலில் நிற்கவில்லை. கேட்டைச் சாத்தப் போனார். அம்மாவை முகூர்த்தத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது நான் மாட்டின சக்கரம். தம்பி, இனிமேல் நாலு பேர் கூடுகிற இடத்தில் இந்தக் கதையைச் சொன்னால், அதையும் சேர்த்துச் சொல். என் பேரைச் சொல்லிச் சொல்.