சாந்தனைப் பழக்கிய அந்திகள்

இறப்பர் சீட்டை நீளநீளமாக வெட்டிப் பின்னிய ஒரு நாய்க்கயிறு. என் வாழ்நாளில் நான் செய்த ஒரே கைவேலை அதுதான். தோட்டத்து ஆட்கள் கதவு கட்டவும் விறகு கட்டவும் கழிவுச் சீட்டைத்தானே எடுக்கிறார்கள், நாயைக் கட்டினால் என்ன என்று நினைத்தேன். எதிரே இன்னொரு நாய் வந்ததும் என் நாய் பாய்ந்தது. கயிறு அறவில்லை, நீண்டுகொண்டே போனது. நாய் போய்க் கடித்தது. பிறகு கயிறு சுருங்கியதில், போன வேகத்திலேயே என் மடிக்குத் திரும்பி வந்தது. அது இழுத்த இழுப்பில் நான் அப்போது பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்து உட்கார்ந்திருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில், யட்டியாந்தோட்டைக்கு மேலே ஓர் இறப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிளாக்கராக இருந்தேன். அம்மா கரவனெல்ல ஆஸ்பத்திரியில் கண்மூடிய பிறகு தோட்டம் கொடுத்த குவாட்டர்ஸ் வீட்டில் நான் ஒருவன்தான். தனியாக இருக்கப் பயம். அதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று நானே முந்திக்கொண்டு எதையாவது சொல்லிச் சிரிக்கவைத்துவிடுவேன். அந்த நாயைக் கண்டது, காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில். கால் மாட்டிக் கிடந்ததை தொழிலாளர் குடியிருக்கும் லயத்து நாய்கள் சுற்றி நின்று கடித்திருந்தன. கம்பியை வெட்டித் தூக்கி வந்து, புண் ஆறியதும் சாந்தன் என்று பெயர் வைத்தேன். பெயர் வைத்தால் குணம் வந்துவிடும் என்று நம்பும் ஆள் நான். மனிதரிடம் அது பஞ்சு மாதிரி. இன்னொரு நாயைக் கண்டால் பேய்.

நான் கானுக்குள் இருந்த அன்று கடிபட்டது தோட்டத்தை நடத்தும் பெரிய துரையின் நாய். துரை கத்தவில்லை. இன்னொரு நாய் கடிபட்டால் சாந்தனைச் சுட வாச்சர் துவக்கோடு வருவான் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சாந்தன் என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டது.

அடுத்த குவாட்டர்ஸில் இருந்தவர் தோட்டத்து மருத்துவிச்சியம்மா. ஐம்பதைத் தாண்டியவர். தோட்டத்தில் பாதிப் பேரை முதலில் கையில் ஏந்தியவர். வீட்டில் அவருக்கென்று இருந்தது வெள்ளச்சி என்ற கிழட்டுப் பெட்டை நாய் மட்டும். வேலிக்கு அப்பாலிருந்து பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, நாய நீங்க கட்டியிருக்கீங்களா, இல்ல நாய் உங்கள கட்டியிருக்கா?" என்றார். துவக்குக் கதையை நான் வேடிக்கையாகச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் விட்டுவிட்டுச் சாந்தனின் காதைத் தடவினேன்.

அவர் சிரிக்கவில்லை. "அதுக்குக் கோவம் இல்ல தம்பி, பயம். பயந்தா நீங்க ஜோக்கு அடிக்கிறீங்க, அது கடிக்குது. அம்புட்டுதான்."

"அப்ப என்னம்மா செய்யிறது?"

"எனக்கென்னா தெரியும், நான் பாத்ததெல்லாம் புள்ளப்பேறு. தூரத்துல வச்சே பழக்கிப் பாப்போமே."

மலைச்சரிவில் இறப்பர் மரங்கள் வரிசை வரிசையாகக் கீழிறங்கும். அந்தியில், ஆட்கள் லயத்துக்குப் போன பிறகு, மேல்வரிசையில் அவரும் வெள்ளச்சியும். பல வரிசை கீழே, இந்தத் தடவை தென்னங்கயிறு பிடித்துக்கொண்டு, நானும் சாந்தனும். ஒரே திசையில் நடப்போம். வெள்ளச்சியைப் பார்த்தும் உறுமாவிட்டால் சாந்தனுக்கு ஒரு துண்டுக் கருவாடு. உறுமினால் இன்னும் ஒரு வரிசை இறங்கிவிடுவோம். அவ்வளவு தூரத்தில் கத்தித்தான் பேச முடியும்.

"சோறு தின்னீங்களா தம்பி?"

"கருவாட்ட நாய்க்குக் குடுத்துட்டேன்ம்மா. நான் மொளகாயக் கடிச்சிக்கிட்டேன்."

அவருடைய மூட்டுவலியும், எனக்குப் பார்த்த பெண்கள் தட்டிப்போன கதையும் கீழ்லயம் வரைக்கும் கேட்டிருக்கும். மாதங்கள் போகப் போக வரிசைகள் குறைந்தன. குரல்களும் தணிந்தன. பக்கத்துப் பக்கத்தில் நடந்த முதல் அந்தியில் நாங்கள் ஒன்றுமே பேசவில்லை. நாய்கள் அவை பாட்டுக்கு நடந்தன.

துரை பார்க்கட்டும் என்று ஒருநாள் இறப்பர்ப் பால் நிறுக்கும் கொட்டிலுக்கே சாந்தனையும் வெள்ளச்சியையும் கூட்டிப்போனோம். லயத்து நாய்கள் தங்கள் ஆட்களின் பின்னால் அங்கே வந்து கூடும். ஒரு செவலை நாய் நேராக வந்து சாந்தனை மோந்தது. அப்போது நான் செய்த வீரச்செயல், கயிற்றை விட்டுவிட்டு நிறுவைத் தட்டில் ஏறி நின்றது. கங்காணி தராசு முள்ளைப் பார்த்துவிட்டு, "ஐயா, வாளி எடைய கழிக்கணுங்களா?" என்றார். கொட்டிலே சிரித்தது. சாந்தன் முகத்தைத் திருப்பி ஒரு கொட்டாவி விட்டது. வெள்ளச்சியின் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. துரை அங்கே நின்று அதைப் பார்த்துவிட்டுத் தன் வழியே போனார். வாச்சர் வரவில்லை.

அடுத்த நாள் அந்தியில் கயிறும் கருவாடுமாகப் பாதையில் நின்றேன். மருத்துவிச்சியம்மா வரவில்லை. வேலைதான் முடிந்துவிட்டதே. மறுநாளும் வரவில்லை. நாய்கள் இரண்டும் வேலி ஓட்டையால் போய்வந்தன. மனிதர் போகும் அளவுக்கு அதில் ஓட்டை இல்லை. துவக்குக்கு நடுங்கியதைவிட, அந்தச் சத்தமில்லாத அந்திகளுக்கு அதிகம் நடுங்கினேன். கடைசியில் அவர் வாசலுக்குப் போய், முகத்தை வாடவைத்துக்கொண்டு சொன்னேன்.

"அம்மா, சாந்தன் திரும்பவும் மொறைக்க ஆரம்பிச்சிட்டான்."

அவர் திரும்பிப் பார்த்தார். சாந்தன் அவருடைய வாசலிலேயே, வெள்ளச்சியின் வயிற்றில் தலைவைத்து, நாலு காலையும் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

"ஆமா தம்பி, மொகத்தப் பாத்தாலே தெரியுது. இருங்க, செருப்பப் போட்டுக்கிட்டு வாறேன்."

ஓய்வு பெற்று ருவான்வெல்லைக்கு அவர் போகும்வரை, எங்கள் இருவருக்கும் சாந்தன் பொல்லாத நாயாகவே இருந்தது. இப்போது அவரும் இல்லை, நாய்களும் இல்லை. நான் டவுனில் ஒரு மாடியறையில் இருக்கிறேன். அந்தியில் நடக்கப் போகிறேன். பாதை முழுக்கக் காலியாக இருந்தாலும் ஓரமாகவே நடக்கிறேன். மறுபாதியை விட்டுவைத்தே பழகிவிட்டது.