கல்மரத் தூசி

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாக எழும்பிய தெருக்களில் ஒன்றின் கடைசி வீடு குசுமாவதியுடையது. அவள் புருஷன் வீரேந்திரன் கீழ்பென்னாத்தூரில் பள்ளிக்கூட வாத்தியார். ஒரே மகள் சுருதி, பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு டாக்டர் படிப்புக்கான தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். குசுமாவதி திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் பல்செட் செய்கிற லேபில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்த்தாள். டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்து மெழுகில் பல் வடிப்பாள், வார்ப்பாள், தேய்ப்பாள், பளபளப்பாக்குவாள். தேரடித் தெருவில் நடந்தால் எதிரே வருகிறவர் சிரிக்கும்போது, ‘இது நம்ம கைப்பல்’ என்று அவளுக்கு மட்டும் தெரியும்.

கல் பைத்தியம் அவளைப் பிடித்தது நாற்பது வயதில். அக்காவைத் திருவக்கரைப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அக்கா புருஷன் நிலத்தில் கிணறு வெட்டும்போது பெரிய மரத்துண்டு மாதிரி ஒன்று வந்தது. ஆட்கள் கடப்பாரையால் குத்தியபோது தீப்பொறி பறந்தது. மரம்தான், ஆனால் கல். மண்ணுக்குள் புதைந்து கோடிக்கணக்கான வருஷத்தில் கல்லாகிப்போன மரம். துணி துவைக்கக் கிணற்றடியில் போட்டு வைத்திருந்தார்கள். அதிலிருந்து உடைந்த ஒரு சில்லை எடுத்து வந்து, லேபில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பல்லைத் தேய்க்கிற கைமெஷினான மைக்ரோமோட்டாரில் வைரத்தட்டு போட்டு குறுக்கே அறுத்தாள். உள்ளே தேன் நிறம். ஒன்றுக்குள் ஒன்றாக ஆண்டு வளையங்கள். நடுவில் கரும்பழுப்பாக ஒரு கணு. அன்று மதியம் அவள் சாப்பிடவில்லை.

பிறகு அக்கா வீட்டிலிருந்து இன்னும் சில துண்டுகளைக் கொண்டுவந்தாள். சொந்தமாகவே ஒரு பழைய மைக்ரோமோட்டார் வாங்கினாள். கல்லை மெல்லிய வில்லையாக அறுப்பாள். பல் மெழுகை உருக்கி ஒரு ஆணியின் தலையில் ஒட்டிக்கொண்டு, அடி தட்டையாகவும் மேல்புறம் புளியங்கொட்டை போலக் குவிந்தும் வரும்படி தேய்ப்பாள். கபோஷான் என்று அதற்குப் பேர். மோதிரத்திலும் டாலரிலும் பதிப்பார்கள். அவள் எதிலும் பதிக்கவில்லை. யாருக்கும் விற்கவும் இல்லை. பல்செட் அனுப்பும் சின்ன டப்பாக்களில் பஞ்சு வைத்து, ஒவ்வொரு கல்லையும் ஒரு டப்பாவில் படுக்க வைப்பாள்.

இந்தச் சந்தோஷத்துக்குள் ஆரம்பத்திலிருந்தே ஒரு பயம் இருந்தது. அக்கா ஊரில் அரசாங்கம் கம்பி வேலி போட்டுப் பாதுகாக்கும் கல்மரப் பூங்கா உண்டு. ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது என்று வாசலில் போர்டு. இவளுடைய கல் வேலிக்கு வெளியே, சொந்த நிலத்தில் வந்தது. ஆனால் அதற்கு எந்தக் காகிதமும் கிடையாது. போதாததற்கு எதிர்வீட்டுக்குக் குடிவந்தவர் கனிமவள ஆபீசில் வேலை பார்க்கிற மாறன். காலையில் அவர் ஜீப் ஏறுவதைப் பார்த்தாலே இவள் வாசலிலிருந்து உள்ளே போய்விடுவாள்.

அதனால் ஜன்னலை மூடினாள். மோட்டார் சத்தம் வெளியே போகக் கூடாதென்று ஜன்னல் இடுக்கில் ஸ்பாஞ்சு திணித்தாள். கதவுக்கடியில் பழைய துணியைச் சுருட்டி வைத்தாள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற ஜைனக் குடும்பம். சாப்பாடு ஆனதும் ஆறு மணிக்கு உட்கார்ந்தால் ஏழரை வரை தேய்ப்பாள். தண்ணீர் ஊற்றித் தேய்க்க ஒருமுறை முயன்றபோது மோட்டார் ஷாக் அடித்தது. அதற்கப்புறம் எல்லாம் காய்ந்த கல்தான். எழுந்திருக்கும்போது கண்ணிமையெல்லாம் மாவு பூசினாற்போல வெள்ளையாக இருக்கும். துண்டால் தட்டிவிட்டுப் போவாள். கடைசி இரண்டு வருஷம் எட்டு மணிக்கு சுருதி புத்தகத்தோடு அதே அறைக்கு வந்து, ஃபேனைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். வீட்டில் அமைதியான அறை அது ஒன்றுதான்.

இப்படியே ஆறு வருஷம் போயிற்று.

ஆறாவது வருஷம் மாடிப்படி ஏறினால் குசுமாவதிக்கு மூச்சு வாங்கியது. வயசாகிறது என்று நினைத்தாள். சுருதிக்கு இரண்டு மாதமாக வறட்டு இருமல். ரோடு போடுகிறார்கள், புழுதி என்றாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவள் தேய்த்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. சுருதி போய்த் திறந்தாள்.

“அம்மா, எதிர்வீட்டு சார் வந்திருக்காரு.”

குசுமாவதி மோட்டாரை நிறுத்தினாள். முகத்தைக்கூடத் துடைக்காமல் கூடத்துக்கு வந்தாள். மாறன் கையில் ஒரு காகிதம் வைத்திருந்தார். அவள் கண்ணுக்கு அது நோட்டீஸாகவே தெரிந்தது.

“சார், அது எங்க மாமா நெலத்துல கெணறு வெட்டச்சொல்ல வந்த கல்லு. பூங்காலேர்ந்து ஒண்ணுகூட எடுத்ததில்ல. சத்தியமா.”

மாறன் விழித்தார். “எந்தக் கல்லு அக்கா? நான் தெரு கால்வாய்க்கு மனு குடுக்கக் கையெழுத்து வாங்க வந்தேன்.”

மாறன் அவள் முகத்தையே பார்த்தார். புருவத்தில், காதோரத்தில், ஜாக்கெட் கையில் படிந்திருந்த வெள்ளைப் பொடியைப் பார்த்தார். உள்ளேயிருந்து சுருதி இருமும் சத்தம் கேட்டது.

“இன்னாக்கா இது மேலெல்லாம்? அந்தக் கல்லைக் கொஞ்சம் காட்டுங்க.”

அவள் அறைக்குள் கூட்டிப்போனாள். மாறன் கல்லைத் தொடவே இல்லை. மூடிய ஜன்னலையும் ஸ்பாஞ்சையும் பார்த்தார். சுருதியின் மேஜையில் விரலால் ஒரு கோடு இழுத்தார். விரல் வெள்ளையாயிற்று.

“இங்க யாரு படிக்கிறது?”

“என் பொண்ணு சார்.”

மாறன் மெதுவாகச் சொன்னார். “கல்லைப் பத்தி நீங்க பயப்படாதீங்க. ஒங்க மாமாவை ஆபீஸ்ல வந்து எழுதிக் குடுக்கச் சொல்லுங்க, முறைப்படி பாத்துக்கலாம். நான் பயப்படறது இந்தத் தூளுக்குத்தான் அக்கா. கல்லு ஒடைக்கிற க்ரஷர்ல வேல செஞ்ச ஆளுங்கள நான் நிறையப் பாத்திருக்கேன். நாப்பது வயசுல பத்தடி நடக்க முடியாம ஒக்காந்துக்கினு இருப்பாங்க. இந்தத் தூளு உள்ள போனா வெளிய வராது. நாளைக்கே ரெண்டு பேரும் நெஞ்சு எக்ஸ்ரே எடுங்க.”

அவர் போன பிறகு குசுமாவதி அந்த அறை வாசலிலேயே நின்றாள். ஃபேன் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. டியூப் லைட் வெளிச்சத்தில் பொடி மெல்ல மிதப்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தாள். ஆறு வருஷமாக எதிர்வீட்டு ஜீப்பைப் பார்த்து நடுங்கியவள், தன் கையாலேயே ஜன்னலை அடைத்து, இதை மகளோடு பூட்டி வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை இருவரும் போனார்கள். வீரேந்திரனிடம் இருமலுக்கு மருந்து வாங்கப் போவதாகச் சொன்னாள். சுருதியிடமும் அதையே சொன்னாள். எக்ஸ்ரே அறைக்குள் மகள் போய்க் கதவு சாத்தியதும் குசுமாவதி பெஞ்சில் உட்கார்ந்து ‘எனக்கு என்ன வேணா வரட்டும்’ என்று திரும்பத் திரும்ப மனசுக்குள் சொன்னாள். வேறு வேண்டுதல் எதுவும் அவளுக்கு வாயில் வரவில்லை.

டாக்டர் முதலில் சுருதியின் படத்தை வெளிச்சத்தில் வைத்தார். “பொண்ணுக்கு ஒண்ணுமில்ல. சுத்தமா இருக்குது.” குசுமாவதி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் இரண்டாவது படத்தை வைத்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“நீங்க எங்கம்மா வேல செய்றீங்க?”

சொன்னாள். பல் லேபையும் சொன்னாள், கல்லையும் சொன்னாள். சுருதியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு டாக்டர் பேனா முனையால் காட்டினார். நுரையீரலின் மேல்பாதியில், இரண்டு பக்கமும், கடுகைத் தூவினாற்போலப் புள்ளிகள்.

காசநோயா என்று சளியைச் சோதித்தார்கள். இல்லை என்று வந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். கல்தூசிதான் என்று உறுதியாயிற்று. “இது கரையாதும்மா,” என்றார் டாக்டர். “மருந்து கெடையாது. இன்னியோட தூசிய விட்டீங்கன்னா அப்படியே நிக்கலாம். நின்னாலும் நிக்கும், நிக்காமலும் போவும். வருஷா வருஷம் பாக்கணும்.”

அவள் யாரிடமும் சொல்லவில்லை. அறையைப் பூட்டிச் சாவியை அரிசி டப்பாவில் போட்டாள். சமைக்கும்போது தன் மூச்சைத் தானே கேட்டாள். துவைத்த துணியை உதறப் பயந்தாள். சுருதி ஒருமுறை இருமினால் கையிலிருக்கும் கரண்டி நின்றுவிடும். பதினோரு நாள் இப்படிக் கழிந்தது. பன்னிரண்டாம் நாள் பீரோவில் துணி தேடிய சுருதி ஸ்கேன் கவரை எடுத்து வந்து சமையலறையில் நின்றாள். போனில் எல்லாம் தேடிப் படித்துவிட்டிருந்தாள்.

“எனக்கும் எக்ஸ்ரே எடுத்தது இதுக்குத்தானா?”

“ஆமாம்மா.”

“அந்த ரூம்லதான என்னையும் ஒக்கார வச்ச? ரெண்டு வருஷமா? ஒனக்குத் தெரியாதா? லேப்ல மாஸ்க் போடற இல்ல?”

லேபில் மாஸ்க் உண்டு, தூசியை இழுக்கும் மோட்டாரும் உண்டு. வீட்டில் அது வேலையாகவே குசுமாவதிக்குப் படவில்லை. விளையாட்டு மாதிரி இருந்தது.

“தெரிஞ்சிருக்கணும்,” என்றாள். “தப்பு என்னுதுதான்.”

சுருதி கவரை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். இரண்டு நாள் அம்மாவிடம் பேசவில்லை. ஆனால் அன்றைக்கே அப்பாவுக்குச் சொன்னாள். வீரேந்திரன் திட்டவில்லை. மாறனிடம் போய்க் கேட்டு, அவர் சொன்ன கனமான மாஸ்க் வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் மகளையும் குசுமாவதியின் அம்மா வீட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டு, அந்த அறையில் ஒவ்வொரு சுவரையும் ஈரத்துணியால் தானே துடைத்தார். மெத்தை, திரைச்சீலை எல்லாவற்றையும் மூட்டை கட்டி வெளியேற்றினார். திரும்பி வந்தபோது ஜன்னல் இரண்டும் திறந்திருந்தன. அங்கிருந்து மலை தெரியும் என்பதே குசுமாவதிக்கு மறந்துபோயிருந்தது.

லேப் முதலாளி அருணாதேவி விஷயம் கேட்டதும், “இனிமே மெஷின் பக்கமே வராதீங்கக்கா, மெழுகு வேல மட்டும் பாருங்க,” என்றாள். மெழுகில் தூசி இல்லை. அறுக்காமல் மீந்த கல்மரத் துண்டுகளை அக்கா புருஷன் வந்து எடுத்துப்போய்க் கனிமவள ஆபீசில் எழுதிக் கொடுத்தார். தேய்த்து முடித்த டப்பாக்களைக் குசுமாவதி வைத்துக்கொண்டாள். ஆனால் திறந்து பார்ப்பதில்லை. திறந்தால் பஞ்சிலிருந்து ஏதாவது பறக்குமோ என்று இருக்கிறது.

இப்போது இரண்டு வருஷம் ஆகிவிட்டது. டாக்டர் படிப்புக்கு சீட்டு கிடைக்கவில்லை. சுருதி சென்னையில் பார்மசி படிக்கிறாள். குசுமாவதிக்குப் பயம் போகவில்லை. தடுமன் பிடித்தால் பயம், படியேறினால் பயம், ஆடி மாசக் காற்று அடித்தால் பயம். மருந்துக்கடைக்காரர் சாதாரணமாக, “என்னம்மா மூச்சு வாங்குது?” என்று கேட்டால் அன்று முழுக்கச் சோறு இறங்காது.

போன வாரம் மூன்றாவது எக்ஸ்ரே எடுத்தாள். கவரோடு ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவுக்கு நின்றபோது போன் அடித்தது. சுருதிதான்.

“ரிசல்ட் வந்துச்சா?”

“வந்துச்சு. அப்படியே இருக்குதாம்.”

“அப்படியேன்னா?”

“ஜாஸ்தி ஆவலம்மா. போன வருஷம் இருந்த மாதிரியே.”

மறுமுனையில் நீளமாக ஒரு மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. கரகரப்பில்லாத, தடையில்லாத மூச்சு. குசுமாவதி போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அது முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.