விளக்கெண்ணெய்க்கு இளகாத பூட்ஸ்

செருப்பு என்றால் முதலில் காலைக் கடிக்க வேண்டும், கடிக்காதது உழைக்காது. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுச் சட்டம் இது. விறைப்பாகப் பார்த்து வாங்குவோம். இரண்டு நாள் விளக்கெண்ணெய் தடவி வெயிலில் வைத்தால் தோல் இளகிக் காலுக்கு வந்துவிடும்.

அந்தப் பழக்கத்தில்தான் பனிச்சறுக்குப் பயிற்சிக்கான படிவத்தை நிரப்பினேன். தொண்ணூறுகளின் தொடக்கம், கிருஷ்ணன்கோவில் பக்கம் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். இமயமலைக்குப் போக எங்கள் கல்லூரியில் தேர்வானவன் நான் ஒருவன்தான். பனியை ஐஸ் வண்டியில் பார்த்ததோடு சரி. பூட்ஸ் விறைப்பானதா, நடுத்தரமா, மிருதுவா என்று ஒரு கேள்வி. யோசிக்கவே இல்லை. விறைப்புக்கு டிக் அடித்து அலுவலகத்தில் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

ராணுவத்தில் இருந்த அக்காள் வீட்டுக்காரர் அன்று லீவில் வந்திருந்தார். எல்லைப் பனியில் இரண்டு குளிர்காலம் சறுக்கியவர்.

"எந்த பூட்ஸு கேட்டிருக்க மாப்ளே?"

"இருக்கதுலயே வெறப்பானது அத்தான். வெளக்கெண்ணெயும் எடுத்து வச்சாச்சு."

அவருக்குக் காப்பி புரையேறியது. "ஏலே, அது பிளாஸ்டிக்கு! எம்புட்டு ஊத்துனாலும் ஒன் காலுதான் வழுக்கும்."

இரண்டு தென்னை மட்டைத் துண்டுகளை என் கணுக்கால்களோடு சேர்த்துத் துண்டால் இறுக்கிக் கட்டினார். "இப்ப முட்டிய முன்னால மடக்கு." கணுக்கால் அசையவில்லை. அப்படியே பின்பக்கம் விழுந்தேன்.

"இமயமலையே குலுங்கிருக்கும்லே!" என்றாள் அக்காள்.

சரிவில் பாய்கிற பந்தயக்காரனுக்குத்தான் விறைப்பு என்றார் அத்தான். அவன் கால் நினைத்த நொடியில் சறுக்குக் கட்டை திரும்ப வேண்டும். சமவெளிப் பனியில் நாளெல்லாம் நடக்கிறவனுக்குக் குதிகால் தூக்க வருகிற லேசான பூட்ஸ். புதிதாகக் கற்கிறவனுக்கு, முன்பக்கம் வளைந்து கொடுக்கிற மிருதுவான பூட்ஸ். அவன் தப்பை அது பொறுத்துக்கொள்ளும்.

"அங்க மூணு நாள் சறுக்க விட்டுப் பாப்பாவ. நிக்க ஏலலன்னா ஊருக்கு டிக்கெட் எடுத்து அனுப்பிருவாவ."

தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. போதாததற்கு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருக்கும் அத்தை வீட்டிலும் சொல்லி, வடை பாயசத்தோடு சாப்பிட்டும் வந்துவிட்டேன். திரும்பி வந்தால் பஸ் ஸ்டாண்டிலிருந்து எந்தச் சந்து வழியாக வீட்டுக்குப் போவது?

மறுநாள் முதல் பஸ்ஸில் போய் அலுவலக வாசலில் காத்திருந்தேன். கிளார்க் வந்ததும் பாய்ந்தேன்.

"சார், தபால் போயிருச்சா?"

"காலேஜ் தபாலெல்லாம் நேத்தே போயிருச்சே."

அவர் நிதானமாக டிராயரைத் திறந்து என் படிவத்தை எடுத்துப் போட்டார்.

"ஒன்னுது மட்டும் போகல. பூட்ஸுக்கு டிக் போடத் தெரியுது, கையெழுத்துப் போடத் தெரியலையோ? அம்புட்டு என்ன அவசரம் தொரைக்கு?"

என் அவசரத்தை வீட்டில் எல்லோரும் திட்டுவார்கள். அன்றுதான் நான் அதற்கு நன்றி சொன்னேன். வேறு படிவம் வாங்கி, மிருதுவுக்கு டிக் அடித்து, கையெழுத்தை இரண்டு தடவை சரிபார்த்தேன்.

முதல் நாள் பனியில் விழுந்ததற்குக் கணக்கில்லை. வெடித்த உதடுகளுக்குக் கொண்டுபோன விளக்கெண்ணெய் உதவியது. அறையில் எல்லோரும் எடுத்துத் தடவிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் முழங்காலை மடக்கினேன், பூட்ஸும் கூடவே வளைந்தது. பயிற்சியாளர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பட்டியலில் என் பெயருக்கு நேரே டிக் அடித்து அடுத்தவனிடம் போனார்.

அன்று சாயங்காலம் அத்தானுக்கு ஒரு கார்டு போட்டேன். ஒரே சொல்: "நிக்கேன்."