தம்பியை எழுப்பாத ட்ரம்பெட்

சனிக்கிழமை கல்யாண ஊர்வலத்தில் வெடிச்சத்தத்தோடு மல்லுக்கு நின்ற அதே ட்ரம்பெட், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மின்விசிறிச் சத்தத்துக்கும் கீழே இறங்கிப் பாடியது. இரண்டு இடத்திலும் வாசித்தவர் என் சித்தப்பா. அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. ஒரே கருவியை எல்லா இடத்துக்கும் கூட்டிப் போகலாம்! அப்போது நான் ஆறாம் வகுப்பு. பள்ளி பேண்டில், பள்ளியின் ட்ரம்பெட்டில், அணிவகுப்பு மெட்டு ஒன்றை மட்டும் ஊதிக்கொண்டிருந்தேன். எனக்கென்று ஒன்று வேண்டும். அணிவகுப்பு, சர்ச் பாட்டு, சினிமாப் பாட்டு மூன்றுக்கும் அது ஈடுகொடுக்க வேண்டும்.

ஒரு வாரம் நச்சரித்த பிறகு அம்மா இறங்கி வந்தாள். "வீட்ல வச்சு வாசிக்கிற மாதிரி இருந்தா வாங்கு. இல்லேன்னா அந்தப் பேச்சே வேணாம்."

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடை. சித்தப்பா தன் மவுத்பீஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஊதும் முனை ஒன்றாகவே இருந்தால்தான் கருவிகளின் வித்தியாசம் தெரியுமாம். ஒரு வயதுத் தம்பியைத் தோளில் தூங்கப் போட்டபடி அம்மா பின்னால் வந்தாள்.

இரண்டு ட்ரம்பெட்டுகள் தேறின. ஒன்று செக்கச்செவேலென்று, முகம் தெரியும் பளபளப்போடு புத்தம்புதிது. மற்றது யாரோ வாசித்துவிட்டு விற்றது, மங்கிய மஞ்சள்.

"செவப்ப எடுத்துருவோம் மதினி. ஊர்வலத்துல நாலு தெருவுக்குக் கேக்கும்" என்றார் சித்தப்பா. என் கண்ணும் அதில்தான்.

"நாலு தெருவுக்கு நீங்க ஊதுங்க தம்பி. இவ என் தோள்ல தூங்குறவன எழுப்பாம ஊதட்டும், பாப்போம்" என்றாள் அம்மா.

சிவப்பை எடுத்து மெதுவாக ஊதினேன். வெறும் காற்றுதான் வந்தது. கொஞ்சம் அழுத்தினேன். சத்தம் பொத்துக்கொண்டு வந்தது. தம்பி வீறிட்டான். கடைக்காரர் பிஸ்கட்டோடு ஓடிவந்தார். என் ட்ரம்பெட் கனவு அத்தோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

அவன் மறுபடி கண்ணயர்ந்ததும் மஞ்சளை எடுத்தேன். சர்ச் பாட்டின் முதல் வரி நூல் போல வந்தது, அறுபடாமல். தம்பி அசையவில்லை. துணிச்சல் வந்து அணிவகுப்பு மெட்டை முழு மூச்சில் விட்டேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அப்போதும் அவன் தூங்கினான்!

"பயலுக்கே புடிச்சுப்போச்சு" என்று சித்தப்பா தோற்றுப்போனார். நான் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி, தலை குனியாமல் வீடு வந்தேன்.

மாலையில் தம்பியைக் குளிப்பாட்டும்போது அவன் தொடையில் சிவப்பாக ஒரு தடம். எறும்பு கடித்திருக்கும் என்று எண்ணெய் தடவிவிட்டேன்.

எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் பூட்டுப் பட்டறை. பகலெல்லாம் சுத்தியல் சத்தம். அதில் தூங்கிப் பழகியவன் ஒரு ட்ரம்பெட்டுக்கா எழுந்திருப்பான் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. சிவப்புக்குச் சத்தமான ஒரே குரல்தான் என்பதை எனக்கு முன்பே அம்மாவின் காது பிடித்துவிட்டது என்பதும்.

அந்த மஞ்சள் ட்ரம்பெட் மூன்று இடத்திலும் என்னைத் தலைநிமிர வைத்தது. இப்போது அம்மாவுக்குப் புது ஆசை. "நாதஸ்வரம் மாதிரி வளைச்சு வாசிக்க வருமாத்தா?" விரலால் அழுத்தும் வால்வைப் பாதி மட்டும் இறக்கிச் சுரத்தை வழுக்கவிட்டால் வரும் போலிருக்கிறது. இந்த ஞாயிறு காலை, தம்பி தூங்கும்போது முயன்று பார்க்கப்போகிறேன். அம்மாவை மட்டும், அவன் தொடைக்குக் கை எட்டாத தூரத்தில் உட்காரச் சொல்ல வேண்டும்.