அக்காவின் கையில் ஒரு ‘ர’

பச்சை முந்திரிக்கொட்டை தோலைச் சுட்டுவிடும் என்பதை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆசை தாங்காமல் ஒரு முறை பல்லால் கடித்துப் பார்த்தால் போதும். மறுநாள் உதடு கொப்புளித்து, நாலாம் நாள் கறுத்து, ஒரு வாரத்தில் தோல் உரியும். அந்த ஒரு வாரமும் கஞ்சியை அண்ணாந்து ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். எனக்கு அந்த ஞானம் ஆறு வயதில் வந்தது.

கடப்பாக்கத்துக்கு வடக்கே, எங்கள் தெருவுக்கும் கடலுக்கும் நடுவிலிருந்த மணல்மேடு முழுக்க முந்திரித் தோப்பு. பங்குனி முதல் வைகாசி வரை தெருப் பெண்கள் எல்லோரும் அங்கேதான் கூலிக்குப் போவார்கள். விழுந்த பழத்தைப் பொறுக்கி, கொட்டையைத் திருகித் தனியே எடுத்து, கூடையில் சேர்க்க வேண்டும். அம்மா போவாள், அக்கா போவாள், லீவு என்பதால் அவர்கள் பின்னால் நானும் போவேன். அப்பா மதுராந்தகத்தில் ஒரு நெல் மில்லில் மூட்டை தூக்கினார். சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார்.

எழுபதுகளின் நடுவில் ஒரு கோடை அது. எனக்கு எட்டு வயது, மூன்றாவது முடித்திருந்தேன். அக்காவுக்குப் பதினைந்து. அவள் எட்டாவதோடு நின்று ஒரு வருஷமாகியிருந்தது. ஒன்பதாவது படிக்க பஸ் ஏறிப் போக வேண்டும். வயசுக்கு வந்த பெண்ணை யார் பஸ்ஸில் அனுப்புவது என்று கேட்டு, பதிலையும் அம்மாவே சொல்லிவிட்டாள்.

ஒரு நாள் மதியம், பெண்கள் சாப்பிட்டுவிட்டு நிழலில் சாய்ந்திருந்தபோது, அக்கா என்னைத் தோப்பின் கோடிக்குக் கூட்டிப்போனாள். மடியிலிருந்து ஒரு பச்சைக் கொட்டையையும் வேலமுள் ஒன்றையும் எடுத்தாள். கொட்டையை அரிவாள்முனையில் பிளந்ததும் ஓட்டின் ஓரத்தில் எண்ணெய் கசிந்து நின்றது. முள்ளை அதில் தொட்டு, இடது முன்கையின் உள்பக்கம், தோல் வெளுத்து மெல்லியதாக இருக்கிற இடத்தில், மெதுவாக இழுத்தாள்.

“இன்னாக்கா பண்ற?”

“எழுதறேன். யாராச்சும் வராங்களா பாரு.”

நான் காவல் காத்தேன் என்று சொல்ல முடியாது. கண்ணை எடுக்க முடியாமல் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒன்றுமே தெரியவில்லை, தண்ணீரில் எழுதியது போல மினுமினுப்பு மட்டும்தான். கொஞ்ச நேரத்தில் அந்தக் கோடு சிவந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி முள்ளைத் தொட்டாள்.

“எரியுதா?”

“எரியட்டும்.”

மூன்று நாள் அதே இடத்தில் அதே கோட்டின் மேல் எழுதினாள். இரண்டாம் நாள் கோடு புடைத்துக் கொப்புளமானது. மூன்றாம் நாள் அந்தக் கொப்புளத்தின் மேலேயே முள்ளை இழுத்தபோது அவள் கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக வழிந்தது. முள் மட்டும் கோட்டை விட்டு விலகவில்லை. அதுவரை நான் அறிந்த எழுத்தெல்லாம் சிலேட்டு எழுத்து. எச்சில் தொட்டுத் தேய்த்தால் போய்விடும். இந்த எழுத்தோ தோலுக்கு அடியிலிருந்து தானே எழும்பி வந்துகொண்டிருந்தது. கோயிலில் கற்பூரம் காட்டும்போது கூட நான் அவ்வளவு பயபக்தியோடு நின்றதில்லை.

நாலாம் நாள் காலை கிணற்றடியில் அக்காவின் கையிலிருந்து கயிறு நழுவி வாளி உள்ளே விழுந்தது. அம்மா திட்டிக்கொண்டே போய் அவள் கையைப் பிடித்தாள். கையைச் சுற்றியிருந்த தாவணி முனை விலகியது. முழங்கை வரை வீங்கி, நடுவில் கறுத்து, ஓரமெல்லாம் நீர் கோத்திருந்தது கை.

அம்மா அவளைத் தரதரவென்று வீட்டுக்குள் இழுத்து வந்தாள். அந்த நேரம் பார்த்து மாமாவும் வந்துவிட்டார். அவர் அம்மாவுக்குத் தம்பி. அடுத்த தெருவிலிருந்து காலையில் எங்கள் வீட்டுக்கு வந்துதான் கஞ்சி குடிப்பார். மாமாவின் புஜத்திலும் பையனாக இருந்தபோது முந்திரி எண்ணெயில் போட்டுக்கொண்ட நட்சத்திரம் ஒன்று உண்டு. ஊர்ப் பையன்களில் பாதிப் பேர் கையில் நட்சத்திரமோ மீனோ இருந்தது. அது யாருடைய நட்சத்திரம் என்று யாரும் அவர்களைக் கேட்டதில்லை.

“யார் பேருடி இது?” என்றாள் அம்மா.

அக்கா அம்மாவின் முகத்தை, பிறகு மாமாவின் முகத்தை, மாறி மாறிப் பார்த்தாள்.

“வாயில இன்னா கொழுக்கட்டையா கீது? வர்ற வெள்ளிக்கெழம மதுராந்தகத்திலேந்து பொண்ணு பாக்க வராங்க. எவன் பேர எழுதிவச்சிகினு கீற?”

அக்கா கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள்; அம்மா விடவில்லை.

எழுதியிருப்பது எந்த எழுத்து என்பதே அங்கே ஒரு சிக்கலாக இருந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. மாமாவுக்குத் தம் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அப்பா மதுராந்தகத்தில். ஆகவே அந்த வீட்டில் அக்காவை விட்டால் படித்த ஆள் நான் ஒருத்திதான்.

“சின்னவளே, இங்க வா. இன்னா எழுத்துன்னு பாத்து சொல்லு” என்றார் மாமா.

அவ்வளவு பெரியவர்கள் என் படிப்பை நம்பி நின்றது அதுதான் முதல் தடவை. நான் அக்காவின் கையை வாத்தியார் மாதிரி திருப்பிப் பார்த்தேன். வீக்கத்தில் எழுத்து அகன்று கிடந்தாலும் எனக்குச் சந்தேகமில்லை.

“ர” என்றேன்.

“ர-ன்னா இன்னா?”

பள்ளிக்கூடத்தில் எழுத்தைச் சொன்னால் கூடவே அதில் தொடங்கும் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டும். “ர... ரயில்” என்றேன்.

“ரயிலா?” என்றாள் அம்மா.

அவர்களுக்குப் போதவில்லை என்று தெரிந்தது. “ர... ரம்பம்” என்றேன். மாமா இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நல்ல சொல்லாகத் தேடினேன். கிடைத்தது.

“ர... ரவி.”

ரவி என்பவன் கடலோர மீனவர் குப்பத்துப் பையன். பதினெட்டு வயதிருக்கும். காலையில் கரைக்கு வரும் மீனை எடுத்துக்கொண்டு சைக்கிளில் தெருத்தெருவாகப் போவான். தோப்போரம் தினமும் மணியடித்துக்கொண்டு போவான். பெண்கள் மீன் வாங்குவார்கள். அக்காவும் எட்டிப் பார்ப்பாள், நானும் எட்டிப் பார்ப்பேன். ஒரு முறை எனக்கு ஒரு சங்கு கொடுத்திருக்கிறான். அவன் பேரில் எனக்கு ஒரு கோபமும் கிடையாது.

மாமா கஞ்சியைத் தொடவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். என் பதில் சரியாக இருந்ததால்தான் இவ்வளவு வேகமாகப் போகிறார் என்று நினைத்து நான் பின்னாலேயே ஓடினேன்.

கட்டுமரங்கள் கரையேறியிருந்த நேரம். ரவி சைக்கிள் கேரியரில் கூடையைக் கட்டிக்கொண்டிருந்தான். மாமா போன வேகத்தில் அவன் கன்னத்தில் அறைந்தார். சைக்கிள் சாய்ந்து மீனெல்லாம் மணலில் கொட்டியது.

“அண்ணாத்த, நான் இன்னா பண்ணேன்?” என்றான் ரவி. உதடு கிழிந்து ரத்தம் வந்தது.

“எம் அக்கா பொண்ணு கையில ஒம் பேர் எப்டிடா வந்துச்சி?”

“எந்தப் பொண்ணு?” என்று அவன் கேட்டது நடிப்பாக இல்லை. மாமாவுக்கு அது இன்னும் கோபத்தைக் கொடுத்தது. மறுபடி அறைந்தார்.

வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். அவர்கள் இருபது பேர், மாமா ஒருவர். ஒருவன் துடுப்பை எடுத்துக்கொண்டு வந்தான். ரவியின் அம்மா, கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டிய பெரிய உடம்புக்காரி, மீன்கத்தியோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். நான் திரும்பி வீட்டுக்கு ஓடினேன்.

“அக்கா, குப்பத்தாளுங்க மாமாவ அடிக்கப் போறாங்க. நான் ரவின்னு சொல்லிட்டேன்” என்று அழுதேன்.

அக்கா என்னைத் திட்டவில்லை. எழுந்து நடந்தாள். அம்மா வாசலை மறித்தாள், அவளை ஒதுக்கிவிட்டு அக்கா போனாள். அவள் ஓடவில்லை. மணலில் கால் புதையப் புதைய, வீங்கிய கையை மார்போடு பிடித்துக்கொண்டு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

கரையில் மாமாவை நாலு பேர் பிடித்திருந்தார்கள். அக்கா நேராக அவர்கள் நடுவில் போய் நின்று, தாவணி முனையை அவிழ்த்துக் கையை நீட்டினாள். வெயிலில் அந்தக் கையைப் பார்த்தவர்கள் ஒரு அடி பின்னால் போனார்கள்.

“இது எம் பேரு” என்றாள். “ரஞ்சிதம்.”

எனக்கே அது யார் பேர் என்று பிடிபட ஒரு நிமிஷம் ஆயிற்று. வீட்டில் அவள் பெரியவள், எனக்கு அக்கா, தோப்பில் ‘ஏ பொண்ணு’. அந்தப் பேரைக் காதால் கேட்டே நெடுநாள் ஆகியிருந்தது.

“ஒம் பேரா?” என்றார் மாமா. “ஒம் பேர ஒங் கையிலயே எவளாச்சும் எழுதிக்குவாளா?”

“இஸ்கூல் ரிஜிஸ்டர்ல இருந்திச்சி, மாமா. காலைல டீச்சர் கூப்புடுவாங்க. இப்ப எங்க கீது, நீயே சொல்லு.”

பிடித்திருந்தவர்கள் மாமாவை விட்டார்கள்.

ரவியின் அம்மா கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு கிட்டே வந்தாள். மீன் செதிள் ஒட்டிய விரல்களால் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து, கையைத் திருப்பி, நெடுநேரம் பார்த்தாள்.

“எத்தினி நாளு எழுதின?”

“மூணு நாளு.”

“நல்லாத்தான் எழுதிகீற, ரஞ்சிதம்” என்றாள். பிறகு மாமாவின் பக்கம் திரும்பினாள். “மீனெல்லாம் மண்ணாகிட்ச்சி. பொறுக்கி அலசிக் குடுத்துட்டுப் போ.”

மாமா பொறுக்கினார். கடல்தண்ணீரில் ஒவ்வொன்றாக அலசிக் கூடையில் போட்டார். நானும் பொறுக்கினேன். ரவி உதட்டைத் துடைத்துக்கொண்டு சைக்கிளை நிமிர்த்தினான். கிளம்பும்போது அக்காவை ஒரு முறை பார்த்தான். அதற்கு முன் அவன் அவளைப் பார்த்ததே இல்லை என்றுதான் தோன்றியது.

வீடு திரும்பும் வழியில் மாமா முன்னால் நடந்தார். பாதி தூரத்தில் நின்று, திரும்பாமலே, “தேங்கா எண்ண தடவு. எரிச்சல் அடங்கும்” என்றார்.

அக்காவுக்கு இரண்டு நாள் காய்ச்சல். மதுராந்தகத்துக்குத் தகவல் போனதும், வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தவர்களை அப்பா வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காரணம் கேட்டவர்களுக்குக் கையில் முந்திரி எண்ணெய் தெறித்துவிட்டது என்று சொன்னார். அது முழுப் பொய்யும் இல்லை. அடுத்த வருஷம் வேறு ஓர் இடத்தில் அக்காவுக்குக் கல்யாணம் ஆயிற்று. அது அவள் பேர்தான் என்பதை அம்மா கடைசி வரை பாதி நம்பினாள், பாதி நம்பவில்லை.

கை ஆறப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆனது. பொருக்கு உதிர்ந்த அன்று நாங்கள் இருவரும் தோப்பில் உட்கார்ந்திருந்தோம். கறுப்பெல்லாம் போய், சுற்றியிருந்த தோலைவிட வெளுப்பாக, கயிறு போலத் தடித்து நின்றது எழுத்து. அக்கா கையை என் மடியில் வைத்தாள்.

“தொட்டுப் பாரு.”

விரலால் தடவினேன். கீழிருந்து ஏறி, குறுக்கே ஓடி, இறங்கி, காலிழுத்து நின்றது. வழவழவென்று, சூடாக, உயிரோடு இருந்தது. கண்ணை மூடிக்கொண்டாலும் படிக்க முடிகிற எழுத்தை நான் அதுவரை கண்டதில்லை. மறுபடி தடவினேன்.

“படி” என்றாள் அக்கா.

“ர” என்றேன்.

அவள் கையை எடுக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். ஒரே ஓர் எழுத்துதானே இருந்தது; அதை நான் சரியாகத்தான் படித்திருந்தேன். இன்னும் எதற்குக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. தோப்புக்கு அப்பால் பிள்ளைகள் அலையில் குதிக்கும் சத்தம் கேட்டது. அவள் கையை மெதுவாக மணலில் வைத்துவிட்டு, நான் கடலைப் பார்த்து ஓடினேன்.